மூன்று வெட்டு

விழாவின் கடைசி நாள் காலையில், செண்பகவல்லி பல்பு கோத்துச் செய்த நாற்பதடி அம்மனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போடாமல், கைக்குட்டையை மடித்து மடித்துத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காக அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த செண்பகத்துக்கு எரிச்சலாக வந்தது. இவளுக்கு என்ன போயிற்று? புருஷன் என்னுடையவன். நானே இன்னும் அழவில்லை.

நார்வேயில் அது ஒரு துறைமுக ஊர். மீன் அடைத்து வைத்திருந்த பழைய குளிர்கிடங்குகளைக் காலி செய்து, வருஷத்துக்கு ஒருமுறை அங்கே மின்கலை விழா நடத்துகிறார்கள். எத்தனை வெள்ளை அடித்தும் சுவரை விட்டு மீன்வாடை போகவில்லை. முதல் கிடங்கில், பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குத் தக்கபடி பூத்துச் சுருங்குகிற கண்ணாடிச் செடி. இரண்டாவதில், உலகத்தில் இந்த நிமிஷம் எங்கே மழை பெய்கிறதோ அந்த மழையின் சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற இருட்டறை. மூன்றாவதில் செண்பகத்தின் அம்மன். அம்மனுக்கு அவள் வைத்த பெயர் ‘என் வீட்டுக்காரர்’. விழாக்காரர்கள் அதை இங்கிலீஷில் போட்டுவிட்டு, பெயர் ரொம்ப ஆழமாக இருக்கிறது என்றார்கள். அதில் ஆழமும் இல்லை, மேடும் இல்லை. அம்மனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அவள் வீட்டுக்காரன் கொம்பையாவின் மூளைதான்.

இருவருமாகக் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை விழாக்களுக்கு லைட் பலகை கட்டியவர்கள். சவுக்குக் கம்பில் சாரம் போட்டு, அதில் சட்டம் ஏற்றி, ஆயிரக்கணக்கில் பல்பு கோத்து, அம்மன் சூலத்தை ஓங்குவது போலவும் சிங்கம் வாயைத் திறப்பது போலவும் வெளிச்சத்தை ஓடவிடுவார்கள். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்து, நார்வேயிலிருந்து இருவரையும் கலைஞர்களாக வரச்சொல்லி அழைப்பு வந்தது. கொம்பையா அந்த வாரம் முழுக்கத் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, கையை இறக்கை மாதிரி விரித்து, தான் விமானத்தில் போகப்போவதைச் சொன்னான். பேச்சு கிடையாது அவனுக்கு. பிறவியிலேயே காதும் கேட்காது. பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் கூட்டிப் போகாததால் எழுத்தும் தெரியாது. அடுத்த மாதம், டீயைக் குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். தலைக்குள், பிடரிக்கு மேலே, ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள்.

அதன்பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. மூச்சுக்கு ஒரு மெஷின், சாப்பாட்டுக்கு ஒரு குழாய். இமை முழுதாக மூடாததால் கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்று மருந்து போட்டு, இமையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். தலையில், மூளை அலையைப் படிக்கிற வலைத்தொப்பி. அந்தத் தொப்பி வந்த பிறகு ஆஸ்பத்திரிகளில் பாதி வேலை சுலபமாகிவிட்டது. படுத்துக் கிடக்கிறவர் உள்ளே இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதைத் தொப்பிதான் சொல்லும். அதற்கு விழிப்புச் சோதனை என்று பெயர். ஆள் இல்லை என்று தொப்பி சொன்னால் இல்லைதான். அப்பீல் கிடையாது.

காது கேட்காதவன் என்பதால் கொம்பையாவைக் கையைத் தொட்டு மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் தொப்பி இல்லை என்றது.

அந்தப் பிரிவின் டாக்டர் ஹெப்சிபா நல்ல மனுஷி. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆள் இல்லாவிட்டாலும் மூளையில் மெல்லிய அலை ஓடிக்கொண்டிருக்குமாம். கையைத் தொட்டால் அந்த அலை கொஞ்சம் மாறுமாம். அதை வைத்து ஆசையை வளர்த்துக்கொள்ளக் கூடாதாம். செண்பகம் ஆசையை வளர்க்கவில்லை. அந்த அலையைக் கேட்டு வாங்கினாள். அதைப் பல்புக்கு மாற்றினாள். கொம்பையா இல்லாமல் நார்வேக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பார்க்க வருகிறவர்களும் அதில் பங்கெடுக்க வேண்டும் என்பது விழாவின் நிபந்தனை. அதனால் அம்மனின் காலடியில் நான்கு செப்புத் தகடுகளை ஏணிப்படி போல வரிசையாகப் பதித்திருந்தாள். தகட்டில் ஒருவர் கால் வைத்தால், அங்கே கோவில்பட்டியில் கொம்பையாவின் இடது உள்ளங்கையில் கட்டிய, காசு மாதிரியான சின்ன வில்லை ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுக்கு மூளை அலை அசையும். இங்கே அம்மன் மேல் நீல வெளிச்சம் அடியிலிருந்து முடிவரை மெல்லப் பரவும். ஐந்து நாளாக ஜனங்கள் வரிசையில் நின்று மிதித்தார்கள், நீலம் பரவுவதைப் பார்த்து அழுதார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து, மரணத்தின் வாசலில் ஒரு மனிதன் நம் கையைப் பிடித்துக்கொள்கிறான் என்று எழுதினார்கள். எழுதுகிறவனுக்கு என்ன, தாளா அழப்போகிறது?

இந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் நண்பகல் மணி அடித்ததும் ஒவ்வொரு கலைஞரும் தன் படைப்பைத் தன் கையாலேயே அணைக்க வேண்டும். எதையும் பாதுகாத்து வைப்பதில்லை. செண்பகம் அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் முடிவுக்கு வந்தாள். ஊரில் கொம்பையாவின் அக்கா ஆவுடையம்மாள்தான் ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் காவல் இருந்தாள். அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

“ஏளா, அவன் ஒரு நா படுத்தவனா? கட்டையாக் கெடக்கானே, என்னால பாக்க முடியல. விட்டுருவோம்.”

செண்பகம் சம்மதித்தாள். கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள். இங்கே நண்பகல் அடிக்கும்போது அங்கே சாயங்காலம் மூன்றரை. அவள் அம்மனை அணைக்கிற அதே நேரத்தில் அங்கே டாக்டர் மெஷினை நிறுத்துவார். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருட்டட்டும் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

அழுத அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தபோது, கிடங்கின் கோடியில் இருந்த சுவிட்ச் மேடையிலிருந்து தர்சிகா ஓடிவந்தாள். அந்தக் கிடங்குக்குப் பொறுப்பான இன்ஜினியர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு நார்வேயில் பிறந்தவள். ஐந்து நாளாகச் செண்பகத்துக்கு வாயும் காதும் அவள்தான். கடைசி நாள் என்று கூட்டம் அதிகமாகி விழா முழுவதும் இன்டர்நெட் இழுபறியாக இருக்கிறதாம். அம்மன் விட்டு விட்டு எரிகிறதாம். சல்லடையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் சுமை குறையும், நிறுத்தட்டுமா என்று கேட்டாள்.

சல்லடை என்றால் தொப்பியோடு வருகிற புரோகிராம். மூளை அலையோடு கலந்து வருகிற குப்பையைச் சலித்து எறிவது அதன் வேலை. ஆஸ்பத்திரியிலும் அதுதான், இங்கேயும் அதுதான். செண்பகம் தலையை ஆட்டினாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அணையப்போகிற விளக்குக்குக் குப்பையானால் என்ன, கோமேதகமானால் என்ன.

சல்லடை நின்றது. நீலம் இருந்த இடத்தில் தாறுமாறாக வெள்ளை வெட்டியது. அம்மனின் முகத்திலிருந்து சூலம்வரை பல்புகள் பளிச்சென்று எரிந்து அணைந்தன. திரும்பவும் எரிந்து அணைந்தன. வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்து, தகடுகளை விட்டு விலகினார்கள்.

“இது மூளை இல்லை அக்கா, கண்,” என்றாள் தர்சிகா. “கண்முழி அங்காலை இங்காலை ஆடினால் மூளையை விடப் பெரிய சிக்னல் வரும். அது மற்றதெல்லாத்தையும் மூடிப்போடும். அதாலதான் சல்லடை முதல் வேலையா அதைத் தூக்கி எறியிறது.”

“கண்ணு ஆடுதா? பிளாஸ்திரில்லா ஒட்டியிருக்கு.”

“இமைக்குக் கீழை ஆடும். வெளியாலை தெரியாது. சும்மா துடிப்புத்தான் அக்கா, எல்லாருக்கும் வாறது.”

செண்பகம் அம்மனையே பார்த்தாள். மூன்று வெட்டு. ஒரு நிறுத்தம். மூன்று வெட்டு. ஒரு நிறுத்தம். 

லைட் பலகையில் ஒரு பக்கம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தில் ஏறிப் பல்பு மாற்ற வேண்டிவரும். ஏறுகிறவள் எப்போதும் செண்பகம், எடை குறைவு. கீழே சுவிட்ச் பெட்டியோடு நிற்பவன் கொம்பையா. அவன் இடது உள்ளங்கையைச் சவுக்குக் கம்பின் மேல் வைத்திருப்பான். காது கேட்காதவனுக்கு அந்தக் கைதான் காது. அவள் ஏறுவது கம்பின் அதிர்வில் அவனுக்குத் தெரியும். லைன் ஓடுகிற நேரத்தில் கம்பு அதிர்ந்தால் டார்ச்சை எடுத்து மேலே மூன்று வெட்டு வெட்டுவான். லைன் இருக்கு, கை வைக்காதே என்று அர்த்தம். அவள் கம்பைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால், தெரிஞ்சுது என்று பதில். அந்த ஒரு தட்டு வரும்வரை அவன் நிறுத்தமாட்டான். மழை கொட்டினாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, வெட்டிக்கொண்டேதான் இருப்பான். வேலை முடிந்து கீழே வந்ததும் இரண்டு தட்டு. இறங்கிட்டேன். அதற்கு அவன் ஒரு நீள வெட்டு வெட்டுவான். சரி. அதன்பிறகுதான் இருவரும் டீக்கடைக்குப் போவார்கள்.

அம்மன் மேல் மூன்று வெட்டு மறுபடியும் விழுந்தது. செண்பகம் யோசிக்கவே இல்லை. வருஷக்கணக்கான பழக்கத்தில் அவள் கால் தானாகப் போய் முதல் தகட்டை ஒரு தட்டுத் தட்டியது.

வெட்டு நின்றுவிட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்டுவிட்டான். உள்ளே இருக்கிறான். எட்டு மாதமாகக் கட்டை கட்டை என்று எல்லோரும் சொன்னார்களே, அந்தக் கட்டைக்குள் கொம்பையா முழுசாக உட்கார்ந்திருக்கிறான். அவள் தர்சிகாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு போனைத் தேடினாள். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இடுப்பிலேயே செருகியிருந்த போன் அவள் கைக்குக் கிடைக்க வெகுநேரம் ஆனது.

டாக்டர் ஹெப்சிபா பொறுமையாகக் கேட்டார். ஆவுடையம்மாள் பக்கத்திலேயே இருந்தாள். மெஷினை நிறுத்துவதற்கு நர்சுகள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் தன் பக்கத்துச் சல்லடையையும் நிறுத்தச் சொன்னார், பிளாஸ்திரியையும் எடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே அம்மா என்றார். கண் அசையவில்லை. கோடு நேராக ஓடுகிறது.

“நான் பதில் தட்டிட்டேன் டாக்டர். அதான் நிறுத்திட்டாக. பதில் வந்தா நிறுத்தணும், அதான் எங்க வழக்கம்.”

டாக்டர் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, “கண்ணு அசைஞ்சா இருக்காருங்கீங்க. அசையலைன்னாலும் இருக்காருங்கீங்க,” என்றார். “அப்ப எதைப் பாத்தும்மா நான் இல்லைன்னு சொல்லட்டும்?”

அதில் தப்பு ஒன்றும் இல்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாக, காட்டவேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்கிற பெண்டாட்டிகளை, தாய்மார்களை, பிள்ளைகளை டாக்டர் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறார். விரல் அசைந்தது என்பார்கள், கண்ணீர் வந்தது என்பார்கள், என் பேரைக் கேட்டதும் மூச்சு மாறியது என்பார்கள். அந்த ஆசையைச் சலிக்கவும்தானே சல்லடை. ஆவுடையம்மாள் போனை வாங்கி, ஏளா, மனசைத் தேத்திக்க, அவனைப் போகவிடு என்று அழுதாள். செண்பகத்துக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தம்பிக்கு எட்டு மாதம் பீ மூத்திரம் எடுத்தவள் அவள்.

நண்பகலுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கூட்டம் மூன்றாவது கிடங்குக்குள் நிறைந்துகொண்டிருந்தது. ஒன்றும் தோன்றாமல் செண்பகம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் நிறுத்தினான் என்பது தெரிகிறது. ஏன் தொடங்கினான்? எட்டு மாதமாகச் சும்மா கிடந்தவனுக்கு இங்கே வந்தபிறகு எந்தக் கம்பு அதிர்ந்தது?

அப்போதுதான் காலையில் அழுத அம்மாள் எழுந்து வந்தாள். கடைசியாக ஒரு தடவை என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தகடு, இரண்டாவது தகடு, மூன்றாவது, நான்காவது என்று பக்தியோடு மிதித்து நடந்தாள்.

அம்மன் மேல் மூன்று வெட்டு விழுந்தது.

செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணிப்படி போலத் தகடு பதித்தது அவள். அதை அவன் இடது உள்ளங்கையில் கொண்டுபோய்க் கட்டியதும் அவள். ஐந்து நாளாக, காலையிலிருந்து ராத்திரிவரை, அந்த இருட்டுக்குள் கிடந்த மனுஷனுக்கு யாரோ சாரத்தில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரோ என்ன, செண்பகம் ஏறியிருக்கிறாள். அவனுக்குத் தெரிந்து அந்தக் கம்பில் ஏறுகிறவள் அவள் ஒருத்திதானே. லைன் இருக்கு, லைன் இருக்கு என்று அவன் கண்ணைப் போட்டு உருட்டியிருக்கிறான். பதிலே இல்லை. எப்போதாவது தற்செயலாக ஒற்றைத் தட்டு விழுந்து ஓய்ந்திருந்தாலும், அடுத்த ஆள் உடனே ஏறியிருப்பான். அவன் கத்தியதையெல்லாம் சல்லடை எறிந்துவிட்டது. மிச்சம் இருந்த நீலத்தைப் பார்த்து ஊரே உருகியிருக்கிறது. பாவி, பாவி என்று அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த எதுவும் இத்தனை கொடுமையாக இருந்ததில்லை.

போனில் டாக்டரின் குரல் மாறியிருந்தது.

“இப்ப அசைஞ்சுது. என்ன செஞ்சீங்க?”

செண்பகம் சொன்னாள். திக்கித் திக்கி, முன்னும் பின்னுமாக, கம்பையும் தகட்டையும் டார்ச்சையும் சொன்னாள். அங்கே டாக்டரும், இங்கே பக்கத்தில் நின்ற தர்சிகாவும் கேட்டார்கள். கடைசியில் டாக்டர், ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்றார். மெஷினை நிறுத்தாமல் வைக்க வேண்டுமானால் அவர் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று தடவை இல்லை என்று வந்த சோதனையை மாற்றி எழுத, யாரும் மறுக்க முடியாத மாதிரி காட்ட வேண்டும்.

“நான் சொல்லும்போது மட்டும் ஏறுங்க. சொல்லாதப்ப யாரும் தகட்டைத் தொடக் கூடாது. பத்துத் தரம் பாப்போம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு டாக்டர் தொடர்ந்தார். “இன்னொண்ணு. பதில் தட்டாதீங்கம்மா. பதில் தட்டுனா அவர் நிறுத்திருவார். எவ்வளவு நேரம் விடாமச் செய்யுறாருன்னு நான் பாக்கணும்.”

“பதில் தட்டாமயா?”

“ஆமா.”

செண்பகம் செருப்பைக் கழற்றினாள். தர்சிகா தகடுகளைச் சுற்றிக் கயிறு கட்டி, கூட்டத்தைப் பின்னால் தள்ளினாள். கூட்டத்துக்கு அதுவே புதுசாக இருந்தது. கலைஞரே வந்து தகட்டில் ஏறப்போகிறாராம் என்று பக்கத்துக் கிடங்குகளிலிருந்தும் ஓடிவந்தார்கள்.

டாக்டர் சொன்னார். அவள் ஏறினாள். வலது காலை அழுத்தி இடது காலை லேசாக வைக்கிற, கொம்பையாவின் உள்ளங்கைக்குப் பழகிய அவளுடைய நடையிலேயே ஏறினாள். மூன்று வெட்டு. நிறுத்தம். மூன்று வெட்டு. அவள் நான்காவது தகட்டில் அசையாமல் நின்றாள். மூன்று வெட்டு. மூன்று வெட்டு. தானாக ஓய்ந்தால் ஒழிய இறங்கக் கூடாது. வெகுநேரம் கழித்து, களைத்துப்போய், ஓய்ந்தது.

டாக்டர் மறுபடி ஏறச் சொன்னார். அவள் ஏறினாள். உடனே வெட்டத் தொடங்கினான்.

நாலாவது தரம் ஏறும்போது வெட்டின் வேகம் கூடியது. நடுவில் விட்ட நிறுத்தம் குறைந்தது. செண்பகத்துக்கு அது பார்த்த காட்சிதான். ஒருமுறை இருக்கன்குடிப் பக்கம், கால் மரத்துப்போய் அவள் பதில் தட்ட மறந்தபோது, கீழே நின்று வெறிபிடித்தவன் போல டார்ச்சை வெட்டியவன், அவள் இறங்கி வந்ததும் பளாரென்று ஒன்று வைத்தான். அடித்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கொம்பையாதான் இது. இப்போது கீழே வந்து அவனிடம் ஓர் அறை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

ஏழாவது தரம் நிறுத்தமே இல்லை. நாற்பதடி அம்மனும் வெள்ளை வெளேரென்று துடித்தது. கூட்டம் கை தட்டியது. இத்தனை நாளும் நீலமாக, சாந்தமாக இருந்த அம்மனுக்குக் கடைசி நேரத்தில் சாமி வந்துவிட்டது என்று அவர்கள் பாஷையில் சொல்லியிருப்பார்கள். நிறையப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். செண்பகம் திரும்பி நின்று, கை தட்டாதீங்க, அவுக பயந்துபோயிருக்காக, தயவுசெஞ்சு கை தட்டாதீங்க என்று தமிழில் கதறினாள். தர்சிகா அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். இதுவும் படைப்பில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

எட்டாவது தரம் அவள் கால் எழவில்லை.

“டாக்டர், என்னால முடியல. அவுக உசுரு போயிரும்.”

“ஏறுங்கம்மா,” என்றார் டாக்டர். அவர் குரலும் சரியாக இல்லை. “ஏறலைன்னாதான் போயிரும்.”

அவள் ஏறினாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று காட்டுவதற்கு அவனைக் கொல்லாமல் கொல்ல வேண்டியிருந்தது. மூன்று வெட்டும் கலந்து ஒரே வெட்டாகி அம்மன் மேல் அடித்தது. அவள் தகட்டில் நின்றாள். பதில் தட்டத் துடித்த வலது காலை இடது காலால் மிதித்துக்கொண்டு நின்றாள்.  போனில், டாக்டருக்குப் பின்னால் ஆவுடையம்மாள் ஐயோ, ஐயோ, எந்தம்பி, முழிச்சிக்கிட்டுல்லா கெடக்கான் என்று அலறுவது கேட்டது. யாரிடமோ, அந்த மெஷின் பக்கம் போகாதீங்க, எவனும் போகாதீங்க என்று கத்தினாள்.

“போதும்மா,” என்றார் டாக்டர். “பத்து வேண்டாம். எனக்குப் போதும். மெஷின்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. நீங்க அவருக்குச் சொல்லிருங்க.”

செண்பகம் வலது காலை விடுவித்து, ஒரு தட்டுத் தட்டினாள்.

அம்மன் சட்டென்று அடங்கியது. கூட்டமும் கை தட்டுவதை நிறுத்தியது. அவள் நான்காவது தகட்டிலிருந்து மூன்றுக்கு, இரண்டுக்கு, ஒன்றுக்கு என்று மெதுவாக இறங்கினாள். அவன் உள்ளங்கையில் ஒவ்வொரு படியும் தெரிய வேண்டும் என்று கவனமாக இறங்கினாள். முதல் தகட்டில் நின்று இரண்டு தட்டுத் தட்டினாள். இறங்கிட்டேன்.

ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். ஐந்து நாள் கத்தியவனுக்குக் கண்ணைத் தூக்கவும் தெம்பு இருக்காது என்று நினைத்தாள். இந்த விளையாட்டே இனி வேண்டாம் என்று விட்டுவிட்டானோ என்று நினைத்தாள். பிறகு, அம்மனின் முகத்தில் வெள்ளை எழுந்தது. துடிக்கவில்லை. ஏறி, அப்படியே நின்று, வெகுநேரம் நின்று, மெல்ல இறங்கியது. ஒரு நீள வெட்டு.

செண்பகம் தகட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

நண்பகல் மணி அடித்தது. கண்ணாடிச் செடி அணைந்தது. மழை நின்றது. கிடங்கு கிடங்காக இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கப்படி அம்மனும் அணைய வேண்டும். அவளை எதிர்பார்த்துக் கூட்டம் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை என்றதும், கலைஞரால் முடியவில்லை போலிருக்கிறது, நாம் உதவுவோம் என்று விழாவின் தலைவர் கிடங்கின் கோடியில் இருந்த சுவிட்ச் மேடையை நோக்கி நடந்தார். மரியாதையான மனுஷர். தலையைக் குனிந்துகொண்டு, சாவுவீட்டில் நடப்பது போல நடந்தார். தர்சிகா அதற்குள் மேடைக்குத் திரும்பியிருந்தாள். நடுவில் அத்தனை ஜனம், அத்தனை இரைச்சல். கத்தினால் கேட்காது.

தலைவர் கை பிடியை நோக்கி நீண்டது. அந்தப் பிடியைக் கீழே இழுத்தால் அம்மனும் போகும், நான்கு தகடும் போகும், அவன் உள்ளங்கையில் கட்டிய வில்லையும் போகும். இப்போதுதான் பதில் கிடைத்த கைக்கு மறுபடியும் ஒன்றுமே வராது.

செண்பகம் போனைத் தலைக்குமேல் தூக்கினாள். அதன் விளக்கைப் போட்டு, உள்ளங்கையால் மூடித் திறந்து, மூடித் திறந்து, மூடித் திறந்து, கூட்டத்துக்கு மேலாக மூன்று வெட்டு வெட்டினாள்.

தலைவருக்கு விளங்கவில்லை. தர்சிகா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலைவருடைய கையைப் பிடித்து விலக்கிவிட்டு, செண்பகத்தைப் பார்த்தபடியே, மேடையின் இரும்புத் தளத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.